ஒரு பேர்ச் ஒன்றரைப் பென்ஸ்: நுவரெலியாவுக்குக் குடிபெயர்ந்தோர் கேட்ட இரண்டு கேள்விகள்

கொழும்பின் வெக்கையும் நெரிசலும் தாங்காது, ஓய்வுபெற்றபின் எஞ்சிய காலத்தை நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ கழிக்கலாமென எண்ணுகின்ற நண்பர்கள் எனக்குப் பலர். புலம்பெயர்ந்து வாழ்வோரிலும் சிலர், ஊர் திரும்பினால் மலைநாட்டில்தான் வீடு என்று கடிதம் எழுதுகின்றனர். ஐரோப்பியக் குளிருக்குப் பழகிய உடம்பு யாழ்ப்பாண வெயிலைத் தாங்காது என்பது அவர்கள் வாதம். பத்திரிகைத் துறையில் நீண்டகாலம் குப்பை கொட்டியவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் அவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். அங்கே ஒரு பேர்ச் காணி என்ன விலை? குளிர் எப்படி, உடம்புக்கு ஒத்துவருமா?

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்ததுண்டு. ஆகவே நண்பர்களுக்காகவும் எனக்காகவும் சற்று ஆழமாகத் தேடிப்பார்க்க முனைந்தேன். தேடத் தேட இன்றைய விலைப்பட்டியலைவிடப் பழைய நூல்களும் அறிக்கைகளுமே என்னை ஈர்த்தன. இந்த இரண்டு கேள்விகளையும் இதே ஊரைப் பற்றி இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர்கள் கேட்டிருக்கின்றனர். சிலர் கையில் வெப்பமானியோடு வந்து கேட்டனர். சிலர் கையில் பணத்தோடு வந்து கேட்டனர். கேட்க வாய்ப்பே இல்லாமல் வந்து சேர்ந்தவர்களும் இருந்தனர். அந்த மூன்று வகையினரின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வெப்பமானியோடு வந்தவர்களைப் பார்ப்போம்.

கண்டி இராச்சியம் 1815 இல் பிரித்தானியர் வசமானது. 1817-18 இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சி மிகக் கொடூரமாக அடக்கப்பட்டது. அதன்பின்னரே மலைநாட்டின் உட்பகுதிகளுக்கு ஆங்கிலேயர்கள் தயக்கமின்றிச் செல்லத் தொடங்கினர். அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர் டாக்டர் ஜோன் டேவி. புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் சகோதரரான இவர், இலங்கையில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றியவர். 1819 இல் நுவரெலியாச் சமவெளியைப் பார்த்தார். இலங்கையின் உட்பகுதி பற்றி 1821 இல் அவர் வெளியிட்ட நூலில், மனிதக் குடியிருப்பு இல்லாத, யானைகள் நடமாடும் குளிர்ந்த வெளியாக அது விபரிக்கப்பட்டிருக்கிறது.

இராணுவ வைத்தியர் ஒருவருக்குக் குளிர்ந்த மலை ஏன் முக்கியமானது என்பதை இன்றைய வாசகர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். தாழ்நிலங்களில் ஆங்கிலப் படையினர் போரைவிடக் காய்ச்சலாலேயே அதிகம் மாண்டனர். காய்ச்சலுக்குக் காரணம் சதுப்பு நிலங்களிலிருந்து எழும் கெட்ட காற்று என்பதே அக்கால வைத்திய சாஸ்திரத்தின் நம்பிக்கை. மலேரியாவைப் பரப்புவது நுளம்பு என்பதை ரொனால்ட் ரோஸ் நிறுவியது 1897 இல்தான். ஆயினும் உயரமான இடங்களில் காய்ச்சல் குறைவு என்ற அவதானிப்பு சரியானதே. மலேரியா நுளம்பு பெருகமுடியாத குளிர் அங்கே இருந்தது. காரணத்தைத் தவறாக விளங்கிக்கொண்டு முடிவைச் சரியாக எட்டிய ஆராய்ச்சி அது.

நுவரெலியாவின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். கொழும்பிலோ அது 27 பாகைக்கும் மேல். தை, மாசி மாதங்களின் விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனி படிவதுண்டு. இங்கிலாந்தை நினைத்து ஏங்கிய ஓர் அதிகாரிக்கு இவை போதுமானவையாக இருந்தன. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே தமக்கொரு மாளிகை எழுப்பினார். நோயுற்ற படையினர் தேறுவதற்கான இடமாகவும் ஊரை ஆக்கினார். அம்மாளிகை இருந்த இடத்திலேதான் பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டல் உருவானது.

டேவி நுவரெலியாவைப் பார்த்த அதே 1819 இல், பாக்கு நீரிணைக்கு அப்பால் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சல்லிவன் நீலகிரி மலையேறினார் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடலாம். அங்கு வாழ்ந்த தோடரிடமிருந்து அவர் ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கினார் என்பது நீலகிரி வரலாற்றில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் செய்தி. ஊட்டியும் நுவரெலியாவும் ஒரே காய்ச்சல் பயத்தில் பிறந்த சகோதர நகரங்கள். இந்த உறவு பின்னர் வேறொரு வகையில் மீண்டும் வெளிப்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி, பணத்தோடு வந்தவர்கள்.

விலையைப் பேசுமுன் விற்றவர் யார் என்பதைக் கேட்பது பத்திரிகைக்காரனின் பழக்கம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலங்கள் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது. மலைநாட்டுச் சிங்களக் குடியானவர்கள் சேனைப் பயிருக்கும் மாடு மேய்க்கவும் விறகுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்த காடுகள் இதன்மூலம் அரசின் விற்பனைப் பொருளாயின. கையில் எழுத்துமூல உறுதி இல்லாத கிராமத்தவன் எதைக் காட்டி நிரூபிப்பான்?

அவ்வாறு பெறப்பட்ட காணி ஏலத்தில் விடப்பட்டபோது ஏக்கரின் ஆரம்ப விலை 5 ஷிலிங். கோப்பி மோகம் உச்சத்திலிருந்த காலம் அது. தேசாதிபதி ஸ்டூவர்ட் மெக்கென்சி உட்பட உயரதிகாரிகள் பலரும் தாமே காணி வாங்கித் தோட்டத்துரைகளாக மாறினர். நிலத்தை விற்பவரும் விலையை நிர்ணயிப்பவரும் வாங்குபவரும் ஒரே வட்டத்தினராக இருந்தனர். 1844 இல் விலை ஏக்கருக்கு 20 ஷிலிங்காக உயர்த்தப்பட்டது. ஓர் ஏக்கர் 160 பேர்ச். 20 ஷிலிங் என்பது 240 பென்ஸ். ஆக, ஒரு பேர்ச் ஒன்றரைப் பென்ஸ். அதற்கு முந்திய விலையில் ஒரு பேர்ச் அரைப் பென்ஸுக்கும் குறைவு. இன்று நுவரெலியாவில் காணி தேடுவோர் இக்கணக்கைக் கேட்டுப் பெருமூச்சு விடக்கூடும்.

இந்த விலைக்கு வாங்கியவர்களுள் மிகவும் அறியப்பட்டவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச்சென்று 1864 இல் அல்பர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர் இவரே. 1840களின் நடுப்பகுதியில் யானை வேட்டைக்காக இலங்கை வந்த அவரைக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. உடல் தேறுவதற்காக நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு வாரத்தில் புதிய மனிதராகிவிட்டார். இத்தகைய காலநிலையில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே ஏன் உருவாக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உதித்தது.

இன்று இடம்பெயர நினைப்பவர் எவரும் பேக்கரின் நிலையில் தம்மைக் காண்பர். விடுமுறைக்குச் சென்ற ஊரில் இரண்டு வாரம் தங்கி, காற்றைச் சுவாசித்து, இங்கேயே இருந்துவிடலாமே என்று நினைப்பது மனித இயல்பு. பேக்கர் நினைத்ததோடு நிற்கவில்லை. ஏக்கர் 20 ஷிலிங் வீதம் அரசிடம் பெருமளவு காணி வாங்கினார். 1848 செப்டெம்பரில் குடும்பத்தவர், பண்ணைக் கண்காணிப்பாளர், கொல்லர், வேலையாட்கள், உயர்சாதி மாடுகள், செம்மறிகள், வேட்டை நாய்கள், உழவுக் கருவிகள் ஆகிய சகலதோடும் இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றி ஒரு குடியேற்றத்தையே கொண்டுவந்தார். மலைப்பாதையில் ஏறுகையில் குதிரை வண்டியொன்று பள்ளத்தில் விழுந்ததையும், அதைத் தமக்கு அறிவித்த குதிரைக்காரரின் எழுத்துப்பிழை மலிந்த கடிதத்தையும் பேக்கர் தமது நூலிலே நகைச்சுவையோடு பதிவு செய்திருக்கிறார்.

அதன்பின் நிகழ்ந்தவை அத்தனை நகைச்சுவையானவை அல்ல. கரிய நிறத்தில் வளமாகத் தோன்றிய மண், பயிரிட்டுப் பார்த்தபோது சத்தற்றது எனத் தெரியவந்தது. உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்றன. ஓட்ஸ் பயிரைக் காட்டு விலங்குகள் அழித்தன. மாடுகள் நோயில் மாண்டன. எருவிட்டு எருவிட்டே நிலத்தைத் திருத்த வேண்டியிருந்தது. எருவுக்கும் கூலிக்கும் ஆன செலவு நிலத்தின் விலையைப் பன்மடங்கு விஞ்சியது. காலநிலை பற்றி அவர் அறிந்திருந்தார், விலையும் அறிந்திருந்தார். மண்ணைப் பற்றி மாத்திரம் நிறத்தைப் பார்த்து முடிவு செய்திருந்தார். 1855 இல், மீண்டும் காய்ச்சலால் தளர்ந்த நிலையில், அவர் இலங்கையை விட்டு வெளியேறினார். அவ்வாண்டிலேயே தமது எட்டாண்டு இலங்கை வாழ்க்கை பற்றிய நூலையும் வெளியிட்டார்.

ஆயினும் அவரது முயற்சி முற்றாக வீண்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய குடும்பத்தினர் தொடக்கிய பியர் வடிசாலை நுவரெலியாவில் நெடுங்காலம் நிலைத்த ஒரு தொழிலுக்கு வித்திட்டது. ஆங்கிலேயர் தம் சமையலுக்கென அங்கு பயிரிட்ட கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா ஆகியவற்றின் தொடர்ச்சியே இன்று நம் சந்தைகளுக்கு வரும் மலைநாட்டு மரக்கறி. 1873 இல் கவர்னர் கிரகரியின் காலத்தில் ஏரி அமைக்கும் பணி தொடங்கியது. 1876 இல் ஹில் கிளப் தோன்றியது. 1885 இல் நானுஓயா வரை புகையிரதம் வந்தது. அதன்பின் ஏப்ரல் மாத 'சீசன்' கொழும்புச் சீமான்களின் வழக்கமாயிற்று.

இதே காலத்தில் காலநிலை பற்றிய இன்னொரு தூரநோக்கான முடிவும் எடுக்கப்பட்டது. இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விற்கக்கூடாது என்று 1873 இல் ஆலோசனை வழங்கினார். உச்சிக் காடுகள் அழிந்தால் ஆறுகளின் ஊற்றுகள் வற்றும், மண் கழுவுண்டு போகும் என்பதே காரணம். இலங்கை அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குக் கீழே மலைச்சரிவுகளிற் பெரும்பகுதி ஏற்கெனவே கோப்பிக்காக மொட்டையடிக்கப்பட்டுவிட்டது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அந்தச் சரிவுகளை மூடியது.

இனி மூன்றாவது வகையினர்.

பார்ன்ஸின் வீதிகளை அகலித்தது யார்? பேக்கரின் காலத்தில் காடு வெட்டியது யார்? புகையிரதப் பாதைக்குக் குகை குடைந்தது யார்? மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு இவற்றில் எத்தகையது என்பதை மலையக வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பஞ்சமும் சாதிக்கொடுமையும் கடனும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. போகும் ஊரின் குளிர் எத்தனை பாகை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வந்த வழிதான் இங்கே முக்கியமானது. படகில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே, வரண்ட வன்னிப் பிரதேசத்தையும் அநுராதபுரத்துக் காடுகளையும் கடந்து, மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேல் நடந்தனர். அந்தப் பாதைதான் இலங்கையிலேயே மலேரியா மிகக் கொடியதாக இருந்த பிரதேசம். வாந்திபேதியும் அம்மையும் சேர்ந்துகொண்டன. 1841 முதல் 1848 வரையான காலத்தில் மாண்டோர் தொகை எழுபதாயிரம் என்று 1849 இல் 'கொழும்பு ஒப்சேர்வர்' பத்திரிகை மதிப்பிட்டது. அதாவது வந்தோரில் நால்வருக்கு ஒருவர். இத்தொகை மிகையானதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். பாதையோரங்களில் பெருந்தொகையினர் மாண்டனர் என்பதில் விவாதமில்லை. பேக்கர் தமது கப்பலில் மாடுகளையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு வந்த 1848 இந்தக் காலப்பகுதிக்குள்ளேயே அடங்குகிறது.

இவ்விடத்தில் நான் சற்று நின்று யோசித்தேன். துரைமார் மலையேறியது காய்ச்சலிலிருந்து தப்புவதற்காக. அவர்கள் தப்பி வாழ்ந்த அந்த மலையை வாழத்தக்கதாகவும் இலாபம் தருவதாகவும் ஆக்க வேண்டியவர்கள், அதே காய்ச்சலின் நடுவே நடந்துவர வேண்டியிருந்தது. ஏக்கருக்கு 20 ஷிலிங் என்ற விலையில் இது சேர்க்கப்படவில்லை. நில விற்பனைப் பதிவேட்டில் அதற்கென ஒரு நிரல் இருக்கவுமில்லை.

மலைக்கு வந்து சேர்ந்தபின் அவர்களுக்குக் கிடைத்த வீடு பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறை. உறைபனிக்கு ஒரு கறுப்புக் கம்பளி. அக்கம்பளியின் விலையும் அவர்களது கணக்கிலேயே கழிக்கப்பட்டது. துரைமாருக்கு ஆரோக்கியம் தந்த அதே குளிர், காற்றோட்டமற்ற புகையடைந்த அறைகளில் இருந்தோருக்குச் சளியும் இருமலுமாயிற்று. சராசரி 16 பாகை என்ற எண் பங்களாவுக்கும் லயத்துக்கும் ஒன்றுதான். அதனை அனுபவித்த உடம்புகள் வேறு.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். போகும் ஊரைப் பற்றி விசாரித்து முடிவெடுக்கும் வாய்ப்பு இவர்களுள் எத்தனை பேருக்குக் கிடைத்தது? தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர், தேயிலை வேலை தெரிந்தவர்கள் என்ற காரணத்தால், நீலகிரியில் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். சல்லிவனின் நீலகிரியும் பார்ன்ஸின் நுவரெலியாவும் மீண்டும் உறவுகொண்டது இவ்வாறுதான். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் இலங்கைப் பேச்சைக் கேட்கலாம்.

இன்னொரு சாரார் 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடினர். குளிரில் பிறந்து வளர்ந்தவர்கள் வரண்ட மண்ணில் கொட்டில் போட்டனர். தங்கள் பாட்டன்மார் நடந்துவந்த பாதையின் திசையிலேயே பேரப்பிள்ளைகள் திரும்பிச் சென்றனர் என்று சொல்லலாம்.

மலையிலேயே தங்கியவர்களின் கதை வேறு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்றுக் காணி இருக்கவில்லை. உயிர் தப்பியவர்கள் புதிய வீடுகளுக்குச் செல்ல ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் காத்திருந்தனர். பின்னர் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழை, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைகளை ஒருசேரக் குலைத்தது. நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தோட்டத்து மக்களும் சிங்களக் கிராமத்தவரும் நகரத்தவரும் அதிலே அடக்கம்.

இந்தப் பின்னணியோடுதான் நான் இன்றைய காணி விளம்பரங்களைப் படிக்கிறேன். பத்திரிகையில் சேர்ந்த புதிதில் வரி விளம்பரங்களை ஒப்புநோக்கும் வேலையும் எங்களுக்கு வந்து சேரும். அக்கால விளம்பரங்களின் மொழி இன்றுவரை மாறவில்லை. குளுமையான சூழல், அழகிய காட்சி, குழாய்நீர், மின்சாரம், பிரதான வீதிக்கு அண்மை, தெளிவான உறுதி. அழகிய காட்சி என்றால் அது பெரும்பாலும் சரிவான காணி என்பதை அனுபவமுள்ள வாசகர் புரிந்துகொள்வார். சரிவு எத்தனை பாகை என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

ஆகவே என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு நான் கூறுவது இதுதான். விலையை விசாரியுங்கள். ஆனால் காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டு உரிமை வரலாற்றைச் சட்டத்தரணி மூலம் பார்த்தபின் விசாரியுங்கள். காலநிலையை விசாரியுங்கள். ஆனால் ஒரு சராசரியோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். மலைநாட்டில் ஒரே மலையின் இருபுறமும் இரண்டு காலநிலை. தென்மேல் பருவப்பெயர்ச்சியை நேரே வாங்கும் வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நுவரெலியா நகரில் ஏறத்தாழ 2,000 மில்லிமீற்றர். மலையின் மறுபக்கம் ஊவாவுக்கு மார்கழி மழைதான் பெருமழை. ஏப்ரல் சீசனில் சென்று பார்த்து முடிவெடுப்பவர் ஆடி மாதக் காற்றையும் கார்த்திகை மழையையும் காணாதவர். பேக்கரின் இரண்டு வாரத்தை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து மண். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கோரப்படுகிறது. அந்நிறுவனத்தின் அபாய வலய வரைபடத்தைக் காணி வாங்குமுன் பார்க்க வேண்டும், வாங்கியபின் அல்ல. சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்புகள், சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரெனத் தோன்றிய அல்லது நிறம் மாறிய ஊற்று, இவை எல்லாம் மண் பேசும் மொழி. பக்கத்து வீட்டுக் கிழவரிடம் பத்து நிமிடம் பேசினால் தரகர் சொல்லாத பலவும் தெரியவரும்.

இவை வாங்க வசதி படைத்தவர்களுக்கான ஆலோசனைகள். வரலாற்றைத் தேடப்போன எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. அண்மைக் காலத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி தனிவீடும் வழங்கும் திட்டங்கள் நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளன. இந்திய உதவியோடு முதலில் 4,000 வீடுகளும், பின்னர் 2017 இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் அவற்றில் அடங்கும். இருநூறு ஆண்டுகளில் இவர்களுக்கு முதன்முதலாகச் சொந்தக் காணி என்ற வகையில் இது வரவேற்கத்தக்கது. ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் இன்னமும் காத்திருக்கின்றன. மண்சரிவினால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் மாற்றுக் காணி தேடவேண்டியிருக்கிறது.

அந்த ஏழு பேர்ச் எந்தச் சரிவில் அமையப் போகிறது? தேயிலைக்கு உதவாது என்று நிர்வாகம் கைவிட்ட நிலத்திலா? அங்கே மண் எப்படி, தண்ணீர் உண்டா, பிள்ளைகளின் பாடசாலை எத்தனை மைல், உறுதி யார் பெயரில் எழுதப்படும்? கொழும்பிலிருந்து ஓய்வுக்காக மலையேற விரும்பும் நாம் ஒரு பேர்ச் வாங்குவதற்கு முன் இத்தனை கேள்வி கேட்கிறோம். காணி பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லித் திரும்பிவிடவும் நம்மால் முடியும். மலையை உருவாக்கியவர்களின் வாரிசுகளிடம் ஒரு வரைபடத்தைக் காட்டி, இதுதான் இடம், கையொப்பமிடு என்று சொல்வது நியாயமாகாது. அவர்களுக்குரிய காணியைத் தெரிவு செய்யும் கூட்டங்களில் அவர்களும் அமர வேண்டும். அபாய வலய வரைபடம் அவர்களுக்குத் தமிழில் விளக்கப்பட வேண்டும். இடம் பாதுகாப்பற்றது என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், அப்படிச் சொன்னதற்காகப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படாத உத்தரவாதமும் அவர்களுக்கு வேண்டும்.

டேவிக்கு ஒரு வெப்பமானி இருந்தது. பேக்கருக்கு ஒரு விலைப்பட்டியல் இருந்தது. தோட்டக் குடும்பங்களுக்கு இவ்விரண்டையும் கையில் கொடுத்தபின் காணியைக் காட்டுங்கள் என்பதே அதிகாரத்தில் இருப்போரிடம் நான் வைக்கும் வேண்டுகோள்.